யாருக்கு எதிரி பெரியவன்? கூடைப்பந்து ஜாம்பவான்கள் சந்தித்த போட்டி பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கே வந்து நிற்கும்: "உங்க ஆள் ஜெயிச்சதெல்லாம் சப்பை டீமோட." பில் ரஸ்ஸலைச் சொன்னால் அன்றைக்கு இருந்ததே எட்டு அணிதான் என்பார்கள். மைக்கேல் ஜோர்டானைச் சொன்னால் தொண்ணூறுகளில் லீக் நீர்த்துப்போயிருந்தது என்பார்கள். லெப்ரான் ஜேம்ஸைச் சொன்னால், லீக்கின் கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பாதிகளில் அவர் ஆடிய கிழக்கில் ஆளே இல்லை என்பார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம். பல வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றில் என் சார்பு தெரியும், அதை மறைக்கவில்லை.

"பலமான எதிரணி" என்று எதை வைத்துச் சொல்வது?

பாதிச் சண்டை, இரண்டு பேர் இரண்டு வேறு விஷயத்தைப் பேசுவதால் வருகிறது. ஒருவர் அந்தக் காலத்து லீக் மொத்தத்தின் தரத்தைச் சொல்கிறார்: எத்தனை அணி, எத்தனை நல்ல வீரர்கள், அவர்கள் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள். இன்னொருவர் ஒரு குறிப்பிட்ட வருடம் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் தொடர்களில், வழிமறித்து நின்ற மூன்று நான்கு அணிகளைச் சொல்கிறார். லீக் மொத்தமும் பலமாக இருந்து, உங்கள் ஆள் போன பாதை மட்டும் சுலபமாக அமைந்திருக்கலாம். தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

எண்ணில் பார்க்க வேண்டுமென்றால் எஸ்ஆர்எஸ் என்று ஒரு கணக்கு உண்டு. ஓர் அணி சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது மோதிய அணிகளின் தரத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைப்பார்கள். 0 என்றால் சராசரி அணி. 5-ஐத் தாண்டினால் கோப்பைக்குக் கைநீட்டலாம். 10-ஐத் தாண்டிய அணிகள் மிக அபூர்வம். வெற்றி தோல்விக் கணக்கைவிட இது நம்பகமானது என்பது என் அனுபவம்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. அந்த எண், ஓர் அணியை அதே வருடத்து மற்ற அணிகளோடு மட்டும்தான் ஒப்பிடும். 1970-71 மில்வாக்கி பக்ஸின் எஸ்ஆர்எஸ் ஏறக்குறைய 11.9. 1995-96 சிகாகோ புல்ஸுக்கு 11.8. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். ஆனால் பக்ஸ் ஆடிய வருடத்தில் நாட்டின் நல்ல வீரர்களில் ஒரு பங்கு வேறொரு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை. எட்டு அணி லீக்கில் அது அவ்வளவு பெரிய விஷயமா?

எட்டு அணி என்பது உண்மை. 1956-57-ல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு அவர் வந்தபோது அவ்வளவுதான். 1969-ல் அவர் ஓய்வுபெறும்போது 14. அப்போதெல்லாம் பிரிவில் முதலிடம் பிடித்த அணி இரண்டே தொடர் ஜெயித்தால் கோப்பை கையில். 1967-லிருந்துதான் மூன்று தொடர் ஆனது. இன்றைக்கு நான்கு. சுற்று குறைந்தால் இடறி விழும் வாய்ப்பும் குறைவு. இதை ரஸ்ஸல் ரசிகர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே எட்டு அணியை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். லீக் மொத்தத்துக்கும் நூறு பேருக்குக்கூட இடமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் அடிதடி. ஒரே எதிரியை வருடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை பார்க்க வேண்டும். ரஸ்ஸலும் வில்ட் சேம்பர்லேனும் சீசன், பிளேஆஃப் எல்லாம் சேர்த்து 140 முறைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். இன்றைக்கு எந்த இரண்டு பெரிய சென்டர்கள் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்கள்) அப்படி மோதுகிறார்கள்? ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு என்று வேறு கான்ஃபரன்ஸ் என்றால் வருடத்துக்கு இரண்டு ஆட்டம், அதிலும் ஒன்றில் யாராவது ஒருவருக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.

என்னை உறுத்துவது அணிகளின் எண்ணிக்கை இல்லை, யாருக்குக் கதவு திறந்திருந்தது என்பது. என்பிஏ-வில் கறுப்பின வீரர்கள் முதன்முதலில் ஆடியது 1950-ல்தான். அப்புறமும் பல வருடம், ஓர் அணியில் இத்தனை பேர்தான் என்று எழுதப்படாத ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பால் வெளியே நின்றவர்களில் எத்தனை பேர் லீக்கை உயர்த்தியிருப்பார்கள் என்று கணக்குப் போடவே முடியாது. ரஸ்ஸலே அந்தச் சுவரில் முட்டியவர். 1964 டிசம்பரில் ஐந்து கறுப்பின வீரர்களை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒன்றாக இறக்கிய முதல் என்பிஏ அணி அவருடைய செல்டிக்ஸ்தான். ஆக, போட்டி குறைவாக இருந்தது என்றால் அதற்குக் காரணமானவர்களில் அவர் இல்லை.

அந்தப் பதினொன்றில் எது உண்மையிலேயே கடினம்?

சந்தேகமே இல்லை, 1969. செல்டிக்ஸ் 48-34 (48 வெற்றி, 34 தோல்வி) என்று கிழக்கில் நாலாவது இடம். ரஸ்ஸலுக்கு 35 வயது. வீரரும் அவர்தான், கோச்சும் அவர்தான். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர், சேம்பர்லேன் மூன்று பேரும். தொடரை முடிவு செய்யும் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம் லேக்கர்ஸின் சொந்த அரங்கில். ஜெயித்ததும் கொட்டுவதற்காகக் கூரையில் பலூன்களைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் சேம்பர்லேன் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கத் தயாராக இருந்தும் கோச் அவரை இறக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும்போது, தட்டிவிடப்பட்ட பந்து டான் நெல்சன் கையில் போய் விழுந்தது. அவர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகிலிருந்து அப்படியே எறிந்தார். பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு, நேராக மேலே எகிறி, திரும்ப வளையத்துக்குள்ளேயே விழுந்தது. 108-106. வெஸ்ட் தோற்ற அணியில் இருந்தும் ஃபைனலின் சிறந்த வீரர் விருது வாங்கினார். அந்த விருது தொடங்கியதே அந்த வருடம்தான், அதற்குப் பின்னால் தோற்ற அணியில் யாருக்கும் அது கிடைத்ததில்லை. எதிரி எவ்வளவு பெரியவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என்பிஏ-வில் ரஸ்ஸல் ஆடிய ஏழாவது ஆட்டங்கள் பத்து. பத்திலும் ஜெயித்தார். பலவீனமான லீக் என்றால் ஏழாவது ஆட்டம் வரைக்கும் பத்து முறை ஏன் போகிறது?

சேம்பர்லேனின் 100 புள்ளி யாருக்கு எதிராக?

1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில், நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக. நிக்ஸ் அந்த வருடம் 29-51. அவர்களுடைய வழக்கமான சென்டரும் அன்று ஆடவில்லை. ஆக எதிரணி பலவீனம்தான். ஆனால் அந்த சீசன் முழுக்க அவருடைய சராசரி 50.4. ரஸ்ஸலோடு ஆடிய ஆட்டங்களும் அதில் அடக்கம். நூறை வேண்டுமானால் தள்ளுபடி செய்யுங்கள், ஐம்பதை முடியாது.

எழுபதுகளில் கரீம் அப்துல்-ஜபாருக்குப் போட்டியே இல்லை என்கிறார்களே?

எதிரிகள் இருந்தார்கள், வேறு வீட்டில் இருந்தார்கள். 1967-லிருந்து 1976 வரை ஏபிஏ என்று போட்டி லீக் ஒன்று நடந்தது. ஜூலியஸ் எர்விங், ஜார்ஜ் கெர்வின், ஆர்ட்டிஸ் கில்மோர் எல்லாம் அங்கே. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த மோசஸ் மலோனும் அங்கேதான் தொடங்கினார். அதே நேரத்தில் என்பிஏ-வும் அவசர அவசரமாகப் பெருத்தது. 1966-67-ல் 10 அணி, 1970-71-ல் 17. ஏபிஏ-வின் 11-ஐயும் சேர்த்தால் 28. நாலு வருடத்தில் ஆள் தேவை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நல்ல வீரர்கள் அந்த வேகத்தில் பிறந்துவிடுவதில்லை.

கரீம் அப்துல்-ஜபாரின் முதல் கோப்பை 1971-ல் வந்தது. ஃபைனலில் அவருடைய பக்ஸ் தோற்கடித்த பால்டிமோர் புல்லட்ஸ் 42-40 அணி. நாலுக்கு நாலு. இது நீர்த்துப்போன காலம் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு சோதனை நமக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கிறது. 1976-ல் ஏபிஏ-வின் நான்கு அணிகள் என்பிஏ-வுக்குள் வந்தன, மற்ற அணிகளின் வீரர்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். அடுத்த சீசனின் ஃபைனலில், போர்ட்லாந்து, பிலடெல்பியா இரண்டின் தொடக்க ஐவரையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஐந்து பேர் பழைய ஏபிஏ ஆட்கள். பிரிந்து போயிருந்த பாதி எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கலந்த லீக்கில், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த முதல் வருடத்தில், எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர், யார்? கரீம்தான். எதிரிகள் திரும்பி வந்த பிறகும் அவர் அதே இடத்தில் இருந்தார். இதற்கு அப்புறமும் அவரைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

மேஜிக், லேரி பேர்ட்: ஒரே காலம் என்பதால் போட்டியும் ஒன்றுதானே?

இல்லை. நான் பார்த்தவரை ரசிகர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

1987-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேஜிக் ஜான்சனின் லேக்கர்ஸ் மேற்கில் வரிசையாகச் சந்தித்தது டென்வர் (37-45), கோல்டன் ஸ்டேட் (42-40), சியாட்டில் (39-43). மூன்றில் இரண்டு அணிகள் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். பன்னிரண்டு ஆட்டத்தில் லேக்கர்ஸ் தோற்றது ஒன்றே ஒன்று. அதே வருடம் கிழக்கில் பேர்டின் செல்டிக்ஸ் ஜோர்டானின் புல்ஸை மூன்றுக்கு மூன்று முடித்துவிட்டு, 50 வெற்றி எடுத்த மில்வாக்கியோடு ஏழு ஆட்டம், 52 வெற்றி எடுத்த டெட்ராய்ட்டோடு ஏழு ஆட்டம் ஆடியது. கெவின் மெக்ஹேல் உடைந்த பாத எலும்போடு ஓடிக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் தொடரின் ஐந்தாவது ஆட்டம் தோற்றுவிட்ட ஆட்டம். சில நொடிகள் மிச்சம் இருக்க, ஐசையா தாமஸ் ஓரத்திலிருந்து உள்ளே போட்ட பந்தை பேர்ட் பாய்ந்து பறித்து, கோட்டை மிதித்துவிடாமல் ஒற்றைக்காலில் சமாளித்துத் திரும்பி, ஓடிவந்த டென்னிஸ் ஜான்சனிடம் கொடுத்தார். அந்தப் பந்து உள்ளே போகாதிருந்தால் அந்தத் தொடரே கைவிட்டுப் போயிருக்கும்.

இப்படி அடிபட்டு வந்த அணியைத்தான் லேக்கர்ஸ் ஃபைனலில் 4-2 என்று ஜெயித்தது. மேஜிக்கின் அணி பிரமாதமான அணி, கோப்பைக்குத் தகுதியான அணி. ஆனால் இருவருக்கும் எத்தனை கோப்பை என்று எண்ணி 5-3 என்று முடிவு சொல்பவர்கள், கிழக்கில் எர்விங், மோசஸ் மலோன், மில்வாக்கி, டெட்ராய்ட் என்று பேர்ட் ஏறிய படிகளை விட்டுவிடுகிறார்கள். எண்பதுகளில் ஃபைனல் வரைக்கும் போன பாதையை வைத்துப் பார்த்தால், பேர்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஜோர்டானை எதிர்த்து ஃபைனலில் ஒரு பெரிய அணிகூட நிற்கவில்லை என்பது சரியா?

இந்தக் கேள்விக்குள் ஒரு சுழல் இருக்கிறது. பேட்ரிக் யூயிங், சார்லஸ் பார்க்லி, கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன், ரெஜி மில்லர். இவர்கள் யாரும் கோப்பை வாங்கவில்லை, ஆகவே ஜோர்டானுக்குச் சரியான எதிரி இல்லை என்கிறார்கள். அவர்கள் ஏன் வாங்கவில்லை? இவர்களில் ஒவ்வொருவரையும் பிளேஆஃபில் ஒரு முறையாவது வழிமறித்து வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தானே. எதிரியின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிவிட்டு, உன்னிடம் கோப்பை இல்லையே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? எதிரியின் பலத்தை அவன் மற்றவர்களுக்கு என்ன செய்தான் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தால்: 1993 ஃபீனிக்ஸ் 62 வெற்றி, 1996 சியாட்டில் 64, 1997 யூட்டா 64, 1998-ல் அதே யூட்டா 62. ஆறு ஃபைனலில் நான்கில் அறுபதைத் தாண்டிய எதிரி. இது சாதாரணப் பட்டியல் இல்லை.

கிழக்கிலும் சும்மா விடவில்லை. 1993-ல் நிக்ஸ் 60 வெற்றி. சொந்த மண்ணில் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கடைசி நொடிகள், நிக்ஸ் ஒரு புள்ளி பின்தங்கல். சார்லஸ் ஸ்மித் கையில் பந்து, வளையத்துக்கு நேர் கீழே. எழும்பினார், ஹோரஸ் கிராண்ட் தடுத்தார். திரும்ப எழும்பினார், ஜோர்டான் தட்டிவிட்டார். இன்னொரு முறை, ஸ்காட்டி பிப்பன். நாலாவது முறையும் பிப்பன். ஆறடி பத்தங்குல மனிதர் வளையத்துக்கு இரண்டடி தூரத்தில் நின்று நாலு முறை முயன்றும் பந்து உள்ளே போகவில்லை. 97-94. அந்த நாலு தடுப்பில் ஒன்று தவறியிருந்தால் புல்ஸ் அந்தத் தொடரைத் தோற்றிருக்கவும் கூடும், நாம் இன்றைக்கு வேறு வரலாறு பேசிக்கொண்டிருப்போம்.

அதற்கெல்லாம் முன்னால் 1988, 89, 90 என்று மூன்று வருடம் தொடர்ந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் தோற்று வெளியேறியவர் அவர். ஆறுக்கு ஆறு என்று பேசுபவர்கள் அந்த மூன்று வருடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆறின் எடை தெரியும்.

ஆறு புது அணிகள் வந்ததால் லீக் நீர்த்தது உண்மைதானே?

ஓரளவு. 1988-லிருந்து 1995-க்குள் சார்லட், மயாமி, மினசோட்டா, ஒர்லாண்டோ, டொரான்டோ, வேன்கூவர் வந்தன. முன்னால் பெஞ்சில்கூட இடம் கிடைக்காதவர்கள் ஆடத் தொடங்கினார்கள். 1995-96-ல் புல்ஸ் எடுத்த 72 வெற்றியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நீர்த்த லீக்கில் சீசன் வெற்றிகள்தான் ஊதிப்போகும். பிளேஆஃப் நடக்கும் மே, ஜூனில் எதிரே நிற்பது புது அணிகள் இல்லை. மேலும் அதே வருடங்களில்தான் ட்ராஜென் பெட்ரோவிச், விளாடே டிவாச், டோனி குகோச், அர்விடாஸ் சபோனிஸ் என்று ஐரோப்பியர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் கொஞ்சம் பாலும் சேர்ந்தது.

சரி, ஒரே கோப்பைக்கு மிகக் கடினமான பாதையில் போனது யார்?

என் பதில் மாறுவதே இல்லை: 1995-ல் ஹக்கீம் ஒலாஜுவானின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ். ஜாம்பவான்கள் பட்டியலில் ஹக்கீமை ஆறு, ஏழு என்று தள்ளிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வருடம் ராக்கெட்ஸ் 47-35. மேற்கில் ஆறாவது இடம். முதல் சுற்றில் 60 வெற்றி எடுத்த யூட்டா. ஐந்தாவது ஆட்டம் வரைக்கும் போய் ஜெயித்தார்கள். அடுத்து 59 வெற்றி எடுத்த ஃபீனிக்ஸ். 3-1 என்று பின்தங்கி, மூன்றையும் வரிசையாக எடுத்தார்கள். அடுத்து அந்த வருடம் லீக்கிலேயே முதலிடமான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், 62 வெற்றி. ஃபைனலில் ஷாக்கில் ஓநீலும் பென்னி ஹார்டவேயும் இருந்த ஒர்லாண்டோ, 57 வெற்றி. ஓய்வை முடித்துக்கொண்டு திரும்பியிருந்த ஜோர்டானின் புல்ஸை வெளியேற்றிய அணி அது. அதை நாலுக்கு நாலு. தொடர்கள் நான்கிலும் சொந்த மண் சாதகம் எதிரணிக்குத்தான்.

அதில் ஸ்பர்ஸ் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை மட்டும் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால், ஹக்கீமின் கண்ணெதிரே, டேவிட் ராபின்சனுக்கு எம்விபி கோப்பையைக் கொடுத்தார்கள். முந்தைய வருடம் அது ஹக்கீமுடையது. அப்புறம் ஆட்டம் தொடங்கியது. ஹக்கீமுக்கு அன்று 41 புள்ளி. வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். இடது தோளை அசைப்பார், ராபின்சன் நகர்வார். வலது பக்கம் காலை வைப்பார், ராபின்சன் எழும்புவார். எழும்பியவர் கீழே வரும் அந்த நொடியில் ஹக்கீம் அடியில் நழுவி மறுபக்கம் போயிருப்பார். லாகோஸில் சின்ன வயதில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பாலும் ஆடியவர். அந்தக் கால்கள் அங்கிருந்து வந்தவை. அந்தத் தொடரில் அவருடைய சராசரி 35.3. எதிரே நின்றது அந்த வருடத்தின் சிறந்த வீரர் என்று லீக்கே அறிவித்தவர், தடுப்பாட்டத்திலும் முதல் வரிசைக்காரர். எதிரியின் தரத்தைப் பற்றி எழுதும்போது இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

லேக்கர்ஸின் ஷாக், கோபி பிரையன்ட், ஸ்பர்ஸின் டிம் டங்கன்?

இவர்களுக்கு ஃபைனலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் உண்மையான இறுதிப்போட்டி மேற்கில்தான் நடந்தது. 2002-ல் லேக்கர்ஸ் ஃபைனலில் நியூ ஜெர்சி நெட்ஸை நாலுக்கு நாலு ஊதித்தள்ளியது. ஆனால் அதற்கு முந்தைய தொடரில் 61 வெற்றி எடுத்த சாக்ரமென்டோ கிங்ஸோடு ஏழாவது ஆட்டம், அதிலும் கூடுதல் நேரம். நாலாவது ஆட்டத்தில் கைதவறி வெளியே வந்த பந்து ராபர்ட் ஹோரியிடம் போய், அவர் நேரம் முடியும் கணத்தில் எறிந்த த்ரீ (மூன்று புள்ளிப் பந்து) உள்ளே போயிருக்காவிட்டால் லேக்கர்ஸ் 3-1 என்று பின்தங்கியிருக்கும். டங்கனின் ஸ்பர்ஸுக்கும் ஷாக்கின் லேக்கர்ஸுக்கும் ஒருவர்மீது ஒருவர் போட்ட கதவுதான் மிகக் கனமான கதவு.

லெப்ரானுக்குக் கிழக்கு சுலபம் என்பது வெறும் பொறாமைப் பேச்சா?

இல்லை, உண்மை. 2013-14-ல் மேற்கில் ஃபீனிக்ஸ் 48-34 எடுத்தும் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. கிழக்கில் அட்லான்டா 38-44 எடுத்து நுழைந்தது. பத்து வெற்றி வித்தியாசம், தலைகீழ் முடிவு. 2011-லிருந்து 2018 வரை எட்டு வருடம் தொடர்ந்து அவர் ஃபைனலுக்குப் போனதில் இந்தச் சாய்வுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் கிழக்கின் வரம்பைத் தாண்டியதும் அவர் முன்னால் நின்றது என்ன? 2013-ல் 58 வெற்றி ஸ்பர்ஸ், 2014-ல் 62 வெற்றி ஸ்பர்ஸ், அப்புறம் நான்கு வருடம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்: 67, 73, 67, 58. 2017-ல் கெவின் டுரான்ட்டும் சேர்ந்துவிட்ட அந்த அணி பிளேஆஃபில் 16 ஜெயித்து ஒன்று தோற்றது. அந்த ஒன்றும் லெப்ரானின் கிளீவ்லாந்திடம்தான். ஃபைனலில் இப்படியொரு வரிசையை வேறு எந்த ஜாம்பவானும் பார்க்கவில்லை என்றே நான் எழுதுவேன். ஜோர்டானை அவரைவிட மேலே வைப்பவன் நான். இருந்தும் சொல்கிறேன்.

2016-ன் ஏழாவது ஆட்டம் நம் ஊரில் திங்கட்கிழமை விடியலில் வந்தது. 89-89. கிட்டத்தட்ட நாலு நிமிடம் இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவடாலா தனியாக ஓடிப் பந்தை வளையத்தை நோக்கி விடுகிறார். எங்கிருந்தோ ஓடிவந்து, பந்தைப் பலகையோடு அறைந்தார் லெப்ரான். என் காப்பி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது, அதைக் கையில் வைத்திருப்பதே நினைவில்லை. அப்புறம் கைரி இர்விங்கின் த்ரீ, 93-89. 3-1 என்று பின்தங்கி ஃபைனலை ஜெயித்த முதல் அணி. வீழ்ந்தது 73-9 அணி. அந்தத் தொடரில் வாரியர்ஸின் ட்ரேமண்ட் கிரீனுக்கு ஒரு ஆட்டம் தடை, ஆண்ட்ரூ போகட்டுக்குக் காயம். அதைச் சொல்பவர்கள் 2015-ல் லெப்ரானின் அணியில் கைரியும் கெவின் லவ்வும் காயத்தில் வெளியே இருந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும்.

2023 டென்வர் மாதிரி சுலபமான பாதை கிடைத்தால் கோப்பையின் மதிப்புக் குறையுமா?

நிகோலா யோகிச்சின் டென்வர் அந்த வருடம் சந்தித்த நான்கு அணிகளில் ஒன்றுகூட 50 வெற்றி எடுத்ததில்லை. ஃபைனலில் வந்த மயாமி எட்டாவது இடத்து அணி. பாதை சுலபம்தான். கோப்பை கோப்பைதான். யார் எதிரே வர வேண்டும் என்று வீரர் சீட்டுக் குலுக்குவதில்லை. மற்றவரோடு ஒப்பிடும்போது மட்டும் இதை நினைவில் வையுங்கள்.

ரஸ்ஸல் காலத்துக்கு இன்றைய சாதாரண வீரர் போனால் ஜாம்பவான் ஆகிவிடுவாரா?

போகும்போது எதையெல்லாம் எடுத்துப்போகிறார் என்று முதலில் சொல்லுங்கள். தனி விமானம், உணவு நிபுணர், கணுக்காலுக்கு அறுவை சிகிச்சை, இன்றைய ஷூ எல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே துணி ஷூ. பலருக்கு சீசன் முடிந்ததும் வேறு வேலை. மூன்று புள்ளிக் கோடு கிடையாது. அது என்பிஏ-வுக்கு வந்ததே 1979-ல். ஆளை விட்டு இடத்தைக் காக்கும் சோன் தடுப்பு 2001 வரைக்கும் விதிப்படி தப்பு. ஒவ்வொரு தலைமுறையும் அந்தந்த விதிக்குள் வளர்ந்தது.

ஆனால் ஒன்றில் இன்றைய லீக் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பெரியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு வீரர்கள் இருபது சொச்சம். இப்போது நூற்றுக்கு மேல், நாற்பது நாடுகளை ஒட்டி. 2018-க்குப் பிறகு 2025 வரை எம்விபி வாங்கியவர்கள் யாரும் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை: கிரீஸின் யானிஸ், செர்பியாவின் யோகிச், கேமரூனில் பிறந்த எம்பீட், கனடாவின் ஷாய். உலகம் முழுக்கத் தேடி எடுத்த நானூறு சொச்சம் பேர், ஒரு நாட்டுக்குள் மட்டும், அதிலும் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த நூறு பேரைவிட ஆழமாகத்தான் இருப்பார்கள். இன்று கோப்பை வாங்குவது அந்த வகையில் கடினம். அதற்காக ரஸ்ஸலிடம், உனக்கு யானிஸ் இல்லையே என்று கேட்க முடியாது.

நண்பரோடு வாதாடும்போது எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வருடத்தை எடுங்கள், ஒரே ஒரு வருடம். அந்த அணி பிளேஆஃபில் சந்தித்த எதிரிகளின் பெயர், வெற்றி தோல்வி, முடிந்தால் எஸ்ஆர்எஸ், யாருக்குக் காயம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அதில் கிட்டத்தட்டத் தோற்றுப்போன ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். எண் சொல்லாததை அது சொல்லும்.

ஜோர்டானுக்கு என்னைக் கேட்டால் 1998-ல் இண்டியானாவோடு ஆடிய ஏழாவது ஆட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். யூட்டாவில் கடைசி நொடியில் எறிந்த அந்தப் பிரபலமான பந்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இதை அவ்வளவு பேர் பார்த்ததில்லை. இண்டியானா அந்த வருடம் 58 வெற்றி, ரெஜி மில்லர் நல்ல ஃபார்மில். ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் புல்ஸ் வெகுவாகப் பின்தங்கிவிட்டது. ஜோர்டானுக்கு 35 வயது. எறிந்தது 25, உள்ளே போனது 9. தாண்டிக் குதிக்கக் கால் எழவில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து, அடிவாங்கி, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போய் நிற்கிறார். பிப்பனும் ராட்மனும் மற்றவர்களும் தவறிய பந்தையெல்லாம் வளையத்தடியில் பொறுக்கி மறுபடி மறுபடி அவர் கைக்கே அனுப்புகிறார்கள். 88-83.